செல்லுக்குள் ஓர் இடைச்செருகல்: வைரஸ் இல்லாமல் டிஎன்ஏவைச் சேர்ப்பது எப்படி?

பழைய ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிக்கிறவர்களிடம் ‘இடைச்செருகல்’ என்று ஒரு சொல் உண்டு. மூல ஆசிரியர் எழுதாத ஒரு பாட்டைப் பிற்காலத்தில் யாரோ எழுதி நடுவில் சேர்த்துவிட்டால் அதுதான் இடைச்செருகல். அப்புறம் அந்தச் சுவடியைப் பார்த்துப் படியெடுக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பாட்டையும் சேர்த்தே எழுதிக்கொண்டு போவார்கள். நாலு தலைமுறை கழிந்தால் அது சுவடியின் பகுதியாகவே ஆகிவிடும்.

நம் செல்களின் டிஎன்ஏவிலும் இப்படி ஒரு பாட்டைச் செருக முடியும். செருகியது சரியாக உட்கார்ந்துவிட்டால், அந்தச் செல் இரண்டாகப் பிரியும்போது இரண்டிலும் அது இருக்கும். நாலாகும்போது நாலிலும் இருக்கும். பழுதான மரபணுவுக்கு ஈடாக நல்ல மரபணு ஒன்றைக் கொடுக்கவும், புற்றுநோயை அடையாளம் காணத் தெரியாத வெள்ளையணுவுக்கு அந்தத் திறமையைக் கொடுக்கவும் மருத்துவர்கள் இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தச் செருகும் வேலையை இதுவரை பெரும்பாலும் வைரஸ்களிடமே ஒப்படைத்திருந்தார்கள். வைரஸைக் கூப்பிடாமல் அதைச் செய்வது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒரு டிஎன்ஏ துண்டு செல்லுக்குள் நுழைவது வேறு, செல்லின் ஜீனோமில், அதாவது அதன் முழு மரபணுத் தொகுப்பில், எழுதப்படுவது வேறு. சுவடிக் கட்டுக்குள் ஒரு துண்டுச்சீட்டைச் சொருகி வைத்தால் அது சுவடியின் பகுதி ஆகிவிடாது. யார் கண்ணிலாவது பட்டால் படிப்பார்கள். கட்டைப் பிரிக்கும்போது கீழே விழுந்து தொலைந்தும் போகும். செல்லுக்குள் வெறுமனே நுழைந்த டிஎன்ஏவும் அப்படித்தான். செல் அதைச் சில நாள் படித்துப் புரதம் தயாரிக்கும். செல் பிரியப் பிரிய, அந்தத் துண்டு எல்லாருக்கும் பங்கு போகாமல் காணாமல் போய்விடும். கோவிட் காலத்தில் போட்ட எம்ஆர்என்ஏ தடுப்பூசியைப் பற்றி எத்தனையோ பேர் பயந்தார்கள். அதில் இருந்தது டிஎன்ஏவே இல்லை. அது உட்கருவுக்குள் போவதும் இல்லை. துண்டுச்சீட்டைவிடச் சீக்கிரம் அழிந்துபோகிற ஒன்று அது.

ஆக, வேலை இரண்டு. உள்ளே போவது ஒன்று, எழுதுவது ஒன்று. இந்தப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டால் இனி வரும் பெயர்கள் எல்லாம் தானாகப் புரியும்.

வைரஸை ஏன் பிடித்தார்கள்?

இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்யத் தெரிந்தது வைரஸ். குறிப்பாக ரெட்ரோவைரஸ் வகைக்கு அதுதான் பிழைப்பே: செல்லின் சவ்வைத் தாண்டும், உட்கருவுக்குள் போகும், தன் மரபணுக்களை நம் ஜீனோமில் எழுதிவிடும். அதன் நோய் தரும் மரபணுக்களை நீக்கிவிட்டு நமக்கு வேண்டிய மரபணுவை ஏற்றி அனுப்பினால் வேலை முடிந்தது. யோசனை அபாரமானது, பலன் தரவும் செய்தது.

எங்கே எழுத வேண்டும் என்பதை மட்டும் வைரஸிடம் சொல்ல முடியவில்லை. 1999இல் பாரிஸில் அலென் ஃபிஷர் குழுவினர், பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்கு ரெட்ரோவைரஸ் மூலம் நல்ல மரபணுவைக் கொடுக்கத் தொடங்கினார்கள். குழந்தைகள் தேறினார்கள். உலகமே கொண்டாடியது. 2002இல் அவர்களில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அப்புறம் இன்னொரு குழந்தைக்கு. பாரிஸிலும், இதே சிகிச்சை நடந்த லண்டனிலும் சேர்த்து 20 குழந்தைகளில் 5 பேருக்கு வந்தது. ஒரு குழந்தை இறந்தது. தேடிப் பார்த்தபோது, பெரும்பாலானவர்களின் செல்களில் வைரஸ் தன் சரக்கை ‘எல்எம்ஓ2’ என்ற மரபணுவின் பக்கத்தில் போய் எழுதியிருந்தது. செல்கள் பெருகுவதோடு தொடர்புள்ள மரபணு அது. பக்கத்து வீட்டில் வந்து உட்கார்ந்தவன் அதை உசுப்பிவிட்டான்.

அதே 1999இல் அமெரிக்காவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞன், மரபணு சிகிச்சைப் பரிசோதனையில் அடினோவைரஸ் ஏற்றப்பட்ட நாலு நாளில் இறந்துபோனான். அவன் இறந்தது வேறு காரணத்தால். அந்த வைரஸ் ஜீனோமில் எழுதுகிற வகையே இல்லை. உள்ளே வந்த வைரஸைக் கண்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தி கட்டுக்கடங்காமல் கிளம்பிவிட்டது. அந்தப் பையனுக்கு இருந்த நோய் உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் சமாளிக்கக்கூடிய அளவில் இருந்தது. அதே நோயோடு பிறக்கிற குழந்தைகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் அவன் முன்வந்தான். இதை எழுதும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

வைரஸ்களைக் குறை சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. இன்று பயன்படும் லென்டிவைரஸ்கள் அந்தப் பழைய வைரஸ்களைவிட எவ்வளவோ பாதுகாப்பானவை. டி செல் என்ற வெள்ளையணுவுக்குள், புற்றுநோயை அடையாளம் காணும் ‘கார்’ (CAR) என்ற ஏற்பிப் புரதத்தின் மரபணுவைச் செருகுவதற்குக் கார்-டி செல் சிகிச்சை என்று பெயர். 2012இல் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமியை ரத்தப் புற்றுநோயிலிருந்து மீட்ட அந்தச் சிகிச்சை லென்டிவைரஸால் செய்ததுதான். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சையும் அதே வழியில் போவதுதான். ஆனால் மருத்துவத் தரத்தில் வைரஸைத் தயாரிப்பது நாளும் பணமும் விழுங்குகிற வேலை. எழுதும் இடத்தை இப்போதும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஏற்றுகிற சரக்குக்கும் அளவு உண்டு.

உள்ளே போவது

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வின் கனம் சுமார் 5 நானோமீட்டர்தான். ஆனாலும் அது கொழுப்பால் ஆனது. டிஎன்ஏவோ மின்னேற்றம் கொண்ட நீளமான மூலக்கூறு. எண்ணெய்க்குள் உப்பு கரையாத கதைதான், தானாக உள்ளே போகாது.

ஆரம்பத்தில் சிலர் குத்தியே பார்த்தார்கள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கண்ணாடி ஊசியை மைக்ரோஸ்கோப்பின் அடியில் பிடித்து, ஒவ்வொரு செல்லாக, உட்கருவுக்குள்ளேயே டிஎன்ஏவைச் செலுத்தினார் மரியோ கபேக்கி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் சான்ஃபோர்டு 1980களில் வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். வெங்காயத் தோல் செல்கள் பெரியவை. டங்ஸ்டன் தூளில் டிஎன்ஏவைப் பூசி, வெடிமருந்தால் இயங்கும் துப்பாக்கியில் வைத்துச் சுட்டார். துகள்கள் துளைத்துக்கொண்டு உள்ளே போயின. வெங்காயச் செல்கள் உயிரோடு இருந்து அந்த மரபணுவைப் படித்தன. பயிர்களுக்கு இந்த ‘ஜீன் துப்பாக்கி’ பெரிய உதவியாக அமைந்தது. கொழுப்புக் குமிழிகளில் டிஎன்ஏவைப் பொதிந்து செல்லை விழுங்கவைக்கும் வழியும் 1987 முதல் இருக்கிறது.

ரத்த செல்களுக்குக் கைகொடுத்தது மின்சாரம். 1982இல் ஜெர்மனியில் எபர்ஹார்ட் நாய்மன் குழு, மைக்ரோ விநாடிக் கணக்கில் நீடிக்கும் மின்துடிப்பைக் கொடுத்து எலி செல்களுக்குள் மரபணுவை ஏற்றிக் காட்டியது. எலக்ட்ரோபொரேஷன் என்று இதற்குப் பெயர். மின்புலம் பட்டதும் சவ்வில் நுண்ணிய துளைகள் திறக்கின்றன. பக்கத்தில் காத்திருக்கும் டிஎன்ஏவை மின்புலமே சவ்வை நோக்கித் தள்ளுகிறது. துடிப்பு நின்றபின் துளைகள் மெல்ல மூடிக்கொள்கின்றன. துடிப்பு குறைந்தால் ஒன்றும் உள்ளே போகாது. கூடினால் துளை மூடாது, செல் செத்துவிடும். தோசைக்கல்லின் சூடு மாதிரி பக்குவம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு வகை செல்லுக்கும் பக்குவம் வேறு.

எழுதுவது

உள்ளே போன டிஎன்ஏ தற்செயலாக ஜீனோமில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. செல்லின் டிஎன்ஏ எங்காவது அறுந்திருந்தால், பழுது பார்க்கும் புரதங்கள் பக்கத்தில் கிடைத்த துண்டையும் சேர்த்துத் தைத்துவிடும். இது அபூர்வமாக நடப்பது, இடமும் தாறுமாறாக அமைவது. சிகிச்சைக்கு ஆகாது.

இயற்கையிலேயே இடம் மாறித் திரியும் மரபணுத் துண்டுகள் இருக்கின்றன. மக்காச்சோள முத்துகளின் நிறத் தெறிப்புகளை வருஷக்கணக்காகக் கூர்ந்து பார்த்து அவற்றைக் கண்டுபிடித்தவர் பார்பரா மெக்கிளின்டாக். 1940களில் கண்டதற்கு 1983இல்தான் நோபல் பரிசு வந்தது. இந்தத் துண்டுகளுக்கு டிரான்ஸ்போசான் என்று பெயர். ‘டிரான்ஸ்போசேஸ்’ என்ற என்சைம் அந்தத் துண்டின் இரண்டு முனைகளையும் அடையாளம் கண்டு வெட்டியெடுத்து, வேறு இடத்தில் ஒட்டுகிறது. முனைகள் இரண்டும் சரியாக இருந்தால் போதும். நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அப்படியானால் நடுவில் நமக்கு வேண்டிய மரபணுவை வைக்கலாம்.

ஆனால் முதுகெலும்புள்ள விலங்குகளின் செல்களில் நன்றாக ஓடக்கூடிய டிரான்ஸ்போசான் கைவசம் இல்லை. இருந்ததெல்லாம் கோடி ஆண்டுக்கும் முன்னால் செத்துப்போனவை. சால்மன் இன மீன்களின் ஜீனோமில் அவற்றின் சிதைந்த படிகள் நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பிழைகள், ஒன்றுகூட இயங்கவில்லை. 1997இல் மின்னசோட்டாவில் பெரி ஹாக்கெட், சோல்டான் இவிக்ஸ், சுசன்னா இஸ்வாக் ஆகியோர் அந்தப் படிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். ஒரு படியில் பிழையான எழுத்து மற்றப் படிகளில் சரியாக இருக்கும் அல்லவா? பூச்சி அரித்த பல ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடத்தை மீட்கிற அதே முறை. எழுத்து எழுத்தாகத் திருத்தி எடுத்தபோது, அந்த என்சைம் மறுபடி இயங்கியது, மனித செல்லிலும் இயங்கியது. நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்ததால் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ என்று பெயர் வைத்தார்கள். உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் இது ஒன்று.

வைரஸ் இல்லை, செலவு குறைவு, பெரிய மரபணுவையும் ஏற்றலாம். ஆனால் இதுவும் இடம் பார்த்து எழுதுவதில்லை. ஸ்லீப்பிங் பியூட்டிக்கு, டிஎன்ஏவின் நாலு வகை எழுத்துகளில் டி, ஏ என்ற இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் போதும். ஜீனோமில் அப்படிப்பட்ட இடங்கள் கோடிக்கணக்கில் உண்டு. முட்டைக்கோஸ் அந்துப்பூச்சியிலிருந்து கிடைத்த ‘பிக்கிபேக்’ என்ற இன்னொரு டிரான்ஸ்போசானுக்கு டிடிஏஏ என்ற நான்கு எழுத்துகள். இந்தப் பிக்கிபேக்கை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு கார்-டி பரிசோதனையில், 10 நோயாளிகளில் 2 பேருக்கு அந்தச் சிகிச்சைச் செல்களே புற்றாக மாறின. 2021இல் அந்த விவரம் வெளியானது. ‘வைரஸ் இல்லாதது’ என்று ஒரு சிகிச்சையைப் பற்றிப் படித்ததும் ‘அப்பாடா, ஆபத்து இல்லாதது’ என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சரி, இடத்தைச் சொல்லி எழுதவைப்பது எப்படி?

ஊசி போட்ட கபேக்கியிடம் மறுபடி வருவோம். ஒரே மரபணுவின் பல படிகளை ஒரு செல்லுக்குள் செலுத்தியபோது, அவை கன்னாபின்னாவென்று ஒட்டாமல், தலைக்கு வால், வாலுக்குத் தலை என்று ஒரே திசையில் வரிசையாகக் கோத்திருப்பதை அவர் கவனித்தார். தற்செயலாக அப்படி வராது. ஒரே மாதிரி எழுத்துவரிசை கொண்ட இரண்டு டிஎன்ஏக்களைக் கண்டால் அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் இயந்திரம் செல்லுக்குள் இருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். இதைக் கொண்டு வேண்டிய இடத்தில் மரபணுவை எழுதலாம் என்று 1980இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்திடம் நிதி கேட்டார். நடக்காத காரியம் என்று அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டார்கள். வேறு வேலைகளுக்கு வந்த பணத்தை இதில் போட்டு அவர் தொடர்ந்தார். 1985இல் ஆலிவர் ஸ்மித்திஸ் குழு, மனித செல்லின் ஹீமோகுளோபின் மரபணு ஒன்றின் இடத்தில் குறிபார்த்துச் செருகிக் காட்டியது. டிஎன்ஏவை ஏற்றுக்கொண்ட ஆயிரம் செல்களில் ஒன்றில்தான் அது சரியான இடத்தில் உட்கார்ந்தது. 2007இல் கபேக்கி, ஸ்மித்திஸ் இருவருக்கும் மார்ட்டின் எவன்ஸோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

ஆயிரத்தில் ஒன்றை எப்படிக் கூட்டுவது? செல் பழுது பார்க்கும் இயந்திரத்தை அந்த இடத்துக்கு வரவழைக்க வேண்டும். அதற்கு அந்த இடத்தில் ஒரு அறுப்பு வேண்டும். 2012இல் ஜெனிஃபர் டவுட்னா, இமானுவேல் ஷார்பான்டியே ஆகியோர் காட்டிய கிரிஸ்பர் கருவி அதைச் சுலபமாக்கியது. ‘கேஸ்9’ என்ற வெட்டும் புரதத்தோடு, இடத்தைக் காட்டும் சின்ன ஆர்என்ஏ ஒன்றைச் சேர்த்து அனுப்பினால், அது அந்த இடத்தைத் தேடிப் போய் டிஎன்ஏவை அறுக்கும்.

அறுந்த இடத்தில் செருகுவதை உயிரெழுத்துகளை வைத்தே பார்த்துவிடலாம். ஜீனோமில் ஓரிடத்தில் ‘அ ஆ இ ஈ உ ஊ எ ஏ’ என்று எழுதியிருக்கிறது. கிரிஸ்பர் ஈக்கும் உவுக்கும் நடுவில் அறுக்கிறது. அதே நேரத்தில் நாம் ஒரு துண்டு டிஎன்ஏவைக் கொடுக்கிறோம். அதில் ‘ஆ இ ஈ’, அப்புறம் நம் புது மரபணு, அப்புறம் ‘உ ஊ எ’ என்று இருக்கிறது. அறுந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு ‘இங்கே என்ன இருந்தது?’ என்று தேடுகிற செல், இந்தத் துண்டைப் பார்க்கிறது. ‘ஆ இ ஈ’ சரியாகப் பொருந்துகிறது. மறுபக்கம் ‘உ ஊ எ’யும் பொருந்துகிறது. இதுதான் மூலம் என்று நம்பி, நடுவில் இருப்பதையும் சேர்த்துப் படியெடுத்துவிடுகிறது. இடைச்செருகல் முடிந்தது. உண்மையில் இரண்டு பக்கமும் பொருந்த வேண்டிய பகுதி சில நூறு எழுத்துகள் நீளம் இருக்கும்.

பிளாஸ்டிக் குழிக்குள் ஒரு துளி

ஆனாலும் டி செல்கள் படியவில்லை. நோய்க்கிருமிகளை வேட்டையாடும் இந்த வெள்ளையணுக்கள்தான் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வேண்டியவை. ஆனால் நீளமான டிஎன்ஏவை வெறுமனே உள்ளே தள்ளினால் அவை மடிந்தன. அதற்கு நியாயம் இருக்கிறது. செல்லில் டிஎன்ஏ இருக்க வேண்டிய இடம் உட்கரு. உட்கருவுக்கு வெளியே டிஎன்ஏ மிதந்தால், வைரஸ் புகுந்துவிட்டது என்று செல் அபாயச் சங்கு ஊதுகிறது. வைரஸைத் தவிர்க்க நினைத்து அனுப்பியதையே செல் வைரஸ் என்று எடுத்துக்கொண்டது. அதனால் கிரிஸ்பர் வந்த பிறகும் புது மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் வைரஸையே நம்பியிருந்தார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் மார்சன் ஆய்வகத்தில், அப்போது மாணவராக இருந்த தியோடர் ராத் இதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு டிஎன்ஏ, எவ்வளவு கேஸ்9, எந்த வரிசையில் கலப்பது, எவ்வளவு மின்சாரம், செல்லை எத்தனை நாள் முன்பே தூண்டுவது என்று ஆயிரக்கணக்கான சேர்க்கைகளைச் சோதித்தார். 2018 ஜூலையில் முடிவு வெளியானது. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும் முறை. ரத்தத்திலிருந்து பிரித்த டி செல்களை இரண்டு நாள் தூண்டி வளர்க்கிறார்கள். பத்து லட்சம் செல்களை வெறும் 20 மைக்ரோலிட்டர் திரவத்தில், அதாவது ஒரு சொட்டில் பாதிகூட இல்லாத அளவில், கலக்கிறார்கள். வழிகாட்டி ஆர்என்ஏ சேர்ந்த கேஸ்9 புரதம், செருக வேண்டிய டிஎன்ஏ இரண்டையும் சேர்த்துச் சின்னப் பிளாஸ்டிக் குழிக்குள் விட்டு ஒரு மின்துடிப்பு. உடனே வெதுவெதுப்பான ஊட்டத் திரவத்தை மேலே ஊற்றி, உடல் வெப்பத்தில் கால் மணி நேரம் அசைக்காமல் வைக்கிறார்கள். அவ்வளவுதான். டிஎன்ஏவைத் தனியாகக் கொடுத்தபோது செத்த செல்கள், கேஸ்9 கூட்டும் சேர்ந்து வந்தபோது அதிகம் பிழைத்தன.

பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவைச் செருகியபோது, குறி வைத்த இடத்தின் புரதம் செல்லுக்குள் எங்கே இருக்குமோ அங்கேயே பச்சை தெரிந்தது. எழுத்து சரியான இடத்தில் விழுந்ததற்குக் கண்கண்ட சாட்சி. ஒரு குடும்பத்தின் குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குலைத்த மரபணுப் பிழையையும் அவர்களுடைய டி செல்களில் ஆய்வகத்தில் திருத்திக் காட்டினார்கள்.

நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2022இல் வெளியாயின. சீனாவில் ஒரு குழு கார் மரபணுவை ‘பிடி-1’ என்ற மரபணுவுக்குள் செருகியது. பிடி-1 டி செல்லின் பிரேக் மாதிரி. புற்றுக்கட்டிகள் அதை அழுத்தி டி செல்லை நிறுத்திவிடும். அதற்குள்ளேயே கார் மரபணுவை எழுதினால் ஒரே செருகலில் புது ஆயுதமும் வருகிறது, பிரேக்கும் போகிறது. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்த 8 பேரில் 7 பேருக்கு நோய் முற்றிலும் அடங்கியது. இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிவதன் அருமை இதில்தான் தெரிகிறது. அமெரிக்காவில் 16 பேருக்கு, அவரவர் கட்டிக்கென்றே தேர்ந்த ஏற்பி மரபணுக்களை வைரஸ் இல்லாமல் செருகி டி செல்களைச் செலுத்தினார்கள். அங்கே 5 பேருக்கு நோய் வளராமல் நின்றது, 11 பேருக்கு வளர்ந்தது. செருகுவது கைகூடிவிட்டாலும் கட்டியான புற்றுநோய் எளிதில் பணிவதில்லை.

அறுப்பதிலும் ஆபத்து உண்டு. அறுந்த இடத்தில் சில நேரம் பெரிய துண்டே காணாமல் போகிறது. அரிதாகக் குரோமோசோமே உதிர்ந்துவிடுகிறது. அதனால் இரட்டை இழையை அறுக்காமலே எழுதும் கருவிகளைத் தேடுகிறார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களிடம் ‘இன்டெக்ரேஸ்’ என்ற என்சைம் இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் எழுத்துவரிசையைக் கண்டால் மட்டும் அங்கே டிஎன்ஏவைச் சேர்க்கும். முதலில் அந்த எழுத்துவரிசையை ஜீனோமில் வேண்டிய இடத்தில் பொறித்துவிட்டு, அப்புறம் இன்டெக்ரேஸை விட்டால் போதும். எம்ஐடியில் ஒமர் அபுதய்யே, ஜோனதன் கூட்டன்பெர்க் குழு 2022இல் இந்த முறையில் 36,000 எழுத்துகள் வரை செருகியது. அந்த முறைக்குப் ‘பேஸ்ட்’ என்று பெயர்.

36,000 என்பது எவ்வளவு பெரிது என்றால், பிள்ளைகளுக்கு வரும் டுஷேன் என்ற தசைநோயில் பழுதாகிற டிஸ்ட்ரோஃபின் புரதத்தின் முழு வாசகமே சுமார் 11,000 எழுத்துகள்தான். சிகிச்சைக்கு இன்று பயன்படும் ஏஏவி வைரஸ் 4,700 எழுத்துகளுக்கு மேல் சுமக்காது. அதனால் அந்தப் பிள்ளைகளுக்கு டிஸ்ட்ரோஃபினை வெட்டிச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். இப்போது முழுதாக எழுதும் கருவி ஆய்வகத்தில் இருக்கிறது. ஆனால் தசையை எடுத்துப் பிளாஸ்டிக் குழிக்குள் போட்டு மின்துடிப்பு கொடுக்க முடியாது. உடம்புக்குள் செலுத்தும் கொழுப்புக் குமிழிகளோ பெரும்பாலும் கல்லீரலுக்கே போய்ச் சேர்கின்றன. எழுதத் தெரியாமல் தவித்த காலம் போய், இப்போது காலிலும் நெஞ்சிலும் இருக்கும் தசைச் செல்களின் வாசலுக்குப் போய்ச் சேர வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.